கூந்தல் எண்ணெயும் கதைப் போட்டியும்

நமது சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று செயலாளர் அவர்கள் அன்புக் கட்டளை இட்டார்கள். நான் வரலாற்றுப் பேராசிரியன் அல்லன். மெட்ரிகுலேஷன் தேறிய கையோடு ரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்து, சம்பளப் பட்டியல்களோடும் விடுப்பு விண்ணப்பங்களோடும் இருபது ஆண்டுகளுக்கு மேல் காலம் கழித்தவன். ஆயினும், வங்கநாட்டில் வாழ்ந்து, வங்காளிகளோடு ஒரே மேசையில் பணிபுரிந்து, அவர்கள் மொழியைத் தட்டுத் தடுமாறியேனும் படிக்கக் கற்றுக்கொண்டவன். அந்த ஒரு தகுதியை முன்னிட்டு, இந்த மண்ணில் நடந்த ஒரு சிறு வரலாற்றை நம் காலனிக் குடும்பங்களின் முன் வைக்கத் துணிந்தேன். பிழை இருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

இக்கட்டுரை எழுந்த காரணத்தை முதலில் கூறிவிடுகிறேன். இவ்வாண்டு விழாவை ஒட்டிச் சிறுகதைப் போட்டி ஒன்று நடத்தலாம் என்று செயற்குழுவில் பேச்சு எழுந்தது. வெறுமனே கதை எழுதுக என்றால் எவரும் எழுத மாட்டார்கள். ஆதலால் ஒரு பொருளைக் கொடுத்து, அது கதையில் இடம்பெற வேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாம் என்றார் ஓர் இளைஞர். 'ரயில் நிலையத்தில் யாரோ விட்டுச் சென்ற பெட்டி' என்பது அவர் சொன்ன பொருள். உடனே பெரியவர் ஒருவர் மறுத்தார். "கதை உள்ளத்திலே தானாக ஊற வேண்டும். இந்தப் பொருளை வைத்து எழுது என்று சொல்லி வாங்குவது, அளவு கொடுத்துத் தைத்து வாங்கும் சட்டை போன்றது. அது இலக்கியம் ஆகாது" என்றார். "அளவு கொடுத்துத் தைத்த சட்டைதானே ஐயா உடம்புக்குப் பொருந்தும்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தோம்.

பிறகு வேறொருவர், "அதெல்லாம் இருக்கட்டும். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தமிழில் எழுத வரும்?" என்று கேட்டார். அப்போது எவரும் சிரிக்கவில்லை.

போட்டி நடத்துவதென்று முடிவாயிற்று. ஆயினும் பெரியவருடைய கேள்விக்கு விடை சொல்லாமலேயே கூட்டம் கலைந்தது. பிறர் குறித்துக் கொடுத்த பொருளைக் கொண்டு எழுதுவது இலக்கியம் ஆகுமா? இக்கேள்விக்கு நூற்றாண்டுக்கு முன்பே கல்கத்தா நகரம் ஒரு விடை அளித்திருக்கிறது. அவ்விடையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நமக்குப் புதியதன்று

கல்கத்தாவுக்குச் செல்லுமுன் நம் பழைய வழக்கத்தைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். ஈற்றடியை ஒருவர் கொடுக்க, அதற்கேற்ப வெண்பாவை மற்றவர் பாடி முடிப்பது தமிழ்ப் புலவர் அவைகளில் நெடுங்காலம் நிலவிய பழக்கம். 15-ஆம் நூற்றாண்டினரான காளமேகப் புலவரின் பெயர் இன்றும் நம் வீடுகளில் வழங்குவதற்கு, பிறர் கொடுத்த பொருளையும் சொல்லையும் வைத்து அவர் உடனுக்குடன் பாடியதாகச் சொல்லப்படும் பாடல்களே காரணம். வடமொழியில் இதனைச் 'சமஸ்யா பூரணம்' என்பர்.

தருமியின் கதையையும் நாம் அறிவோம். பாண்டியன் தன் ஐயத்தைத் தீர்க்கும் பாடலுக்குப் பொற்கிழி அறிவித்ததும் ஒருவகைப் போட்டியே. அங்கும் பொருள் முன்கூட்டியே குறிக்கப்பட்டது, பரிசும் தொங்கவிடப்பட்டது. இறைவன் எழுதிக் கொடுத்த பாடலைத் தன் பாடல் என்று சொல்லிக்கொண்டு தருமி அவைக்குப் போனான். பிறர் எழுதியதைத் தன் பெயரில் கொண்டுபோனவன் அவன். தாம் எழுதியதைப் பிறர் பெயரில் அனுப்பியவர்களை இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

எண்ணெய் வணிகரின் எண்ணம்

கல்கத்தாவில் ஹேமேந்திர மோகன் போஸ் என்று ஒருவர் இருந்தார். எச். போஸ் என்று சொன்னால்தான் அந்நாளில் ஊருக்குத் தெரியும். 1864-இல் பிறந்து 1916-இல் மறைந்தவர். முதலில் மருத்துவம் படிக்கச் சென்றார். ஆய்வுக்கூடத்தில் கண்ணில் அமிலம் பட்டு விபத்து நேர்ந்ததால் அப்படிப்பு நின்றது. படிப்பு போயிற்றே என்று அவர் சோர்ந்து உட்காரவில்லை. வாசனைப் பொருள் தயாரிக்கத் தொடங்கினார். 1890-ஆம் ஆண்டளவில் 'குந்தலீன்' என்ற கூந்தல் எண்ணெயை விற்பனைக்குக் கொண்டுவந்தார். குந்தலம் என்பது வடமொழியில் கூந்தலைக் குறிக்கும் சொல். நம் காதுக்கும் அது அந்நியமாக ஒலிப்பதில்லை. கைக்குட்டையில் தெளித்துக்கொள்ள 'தேல்கோஷ்' என்னும் மணநீர், வெற்றிலையோடு சேர்க்கத் 'தாம்பூலீன்' என்னும் மணப்பொருள் ஆகியவையும் அவருடைய தயாரிப்புக்களே.

அவர் கைவைக்காத புதுமை இல்லை எனலாம். மிதிவண்டி வாணிகம் செய்தார். ஜகதீச சந்திர போஸ், பிரபுல்ல சந்திர ராய் போன்ற பேரறிஞர்களுக்கே மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். மோட்டார் வண்டிகளையும் விற்றார். பேசும் இயந்திரம் என்று அந்நாளில் வழங்கிய ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டு, 1905-ஆம் ஆண்டு வங்கப் பிரிவினையை ஒட்டி எழுந்த சுதேசிக் கிளர்ச்சிக் காலத்தில், இரவீந்திரநாத தாகூரின் குரலைப் பதிவு செய்தார். 'குந்தலீன் அச்சகம்' என்று சொந்த அச்சுக்கூடமும் வைத்திருந்தார். பிற்காலத்தில் திரைப்பட இயக்குநராகப் புகழ்பெற்று, தாதாசாஹேப் பால்கே விருதும் பெற்ற நிதின் போஸ் இவருடைய மைந்தர்.

இத்தகையவருக்கு 1896-இல் ஓர் எண்ணம் உதித்தது. எண்ணெய்க்கு விளம்பரம் வேண்டும். அவ்விளம்பரத்தால் வங்கமொழிக்கும் ஒரு பயன் விளைய வேண்டும். ஆகவே 'குந்தலீன் பரிசு' என்ற பெயரில் ஆண்டுதோறும் சிறுகதைப் போட்டி நடத்தத் தொடங்கினார். எவரும் எழுதலாம். நிபந்தனை ஒன்றே. கதையின் அழகு சிறிதும் கெடாமல், விளம்பரம் என்ற எண்ணமே படிப்பவருக்குத் தோன்றாமல், குந்தலீன் எண்ணெயும் தேல்கோஷ் மணநீரும் கதைக்குள் இடம்பெற வேண்டும். பரிசு பெற்ற கதைகளைத் தம் அச்சகத்திலேயே அச்சிட்டுச் சிறு புத்தகமாக வெளியிட்டார்.

நம் பெரியவர் இந்நிபந்தனையைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன். ரயில் நிலையத்துப் பெட்டியே ஆகாது என்றவர், எண்ணெய்ப் புட்டியையா ஒப்புக்கொள்வார்? ஆனால் அந்த எண்ணெய்ப் புட்டியிலிருந்து வெளிவந்தவர்கள் யார் யார் என்று பாருங்கள்.

கரையைச் சேராத புயல்

முதலாண்டில் முதற்பரிசு பெற்ற கதையின் பெயர் 'நிருத்தேஷேர் காஹினி'. காணாமற்போனதன் கதை என்று தமிழில் சொல்லலாம். எழுதியவர் பெயர் இல்லாமலே அக்கதை போட்டிக்கு வந்தது. அதை எழுதியவர், எச். போஸிடம் மிதிவண்டி பழகியவர் என்று நான் முன்னர்க் குறிப்பிட்ட ஜகதீச சந்திர போஸ் அவர்களே. கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியராக இருந்து, கண்ணுக்குப் புலப்படாத மின்னலைகளை ஆராய்ந்து உலகப் புகழ் ஈட்டிக்கொண்டிருந்த காலம் அது. லண்டன் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம் அவருக்குக் கிடைத்ததும் அதே 1896-ஆம் ஆண்டில்தான்.

கதையின் பொருள் இது. கல்கத்தாவைப் பெரும்புயல் ஒன்று தாக்கப் போகிறது என்று வானிலை ஆய்வாளர் எச்சரிக்கின்றனர். ஊரே நடுங்குகிறது. 1864-ஆம் ஆண்டுப் புயலில் பல்லாயிரவரைப் பலிகொடுத்த நகரமல்லவா? ஆனால் குறித்த நாளில் புயல் வரவில்லை. எங்கே போயிற்று என்று எவருக்கும் விளங்கவில்லை. விஞ்ஞானிகள் ஆளுக்கொரு காரணம் கூறுகின்றனர். உண்மை அறிந்தவர் ஒருவரே. காய்ச்சலில் விழுந்து தலைமயிரை இழந்த அவர், உடல் தேறுவதற்காக இலங்கைக்குக் கப்பலேறுகிறார். புறப்படுமுன் அவருடைய சிறு மகள் கூந்தல் எண்ணெய்ப் புட்டி ஒன்றைப் பெட்டியில் வைக்கிறாள். நடுக்கடலில் புயல் சூழ்கிறது. எண்ணெய் அலையை அடக்கும் என்று எப்போதோ படித்தது அவர் நினைவுக்கு வருகிறது. புட்டியைத் திறந்து கடலில் வீசுகிறார். கடல் அடங்குகிறது, புயல் மறைகிறது.

நகைச்சுவைக் கதைதான். ஆயினும் அதன் அடியில் மெய்யான விஞ்ஞானம் இருக்கிறது. பொங்கும் நீரின்மேல் எண்ணெய் ஊற்றினால் சிற்றலைகள் அடங்கும் என்பதை மாலுமிகள் முன்பே அறிந்திருந்தனர். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின், லண்டனை அடுத்த கிளாபம் என்னுமிடத்துக் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை விட்டுச் சோதித்து, அம்முடிவை 1774-இல் வெளியிட்டார். நீரின் மேற்பரப்பில் நிகழும் இந்த மாற்றத்தையே ஜகதீசர் கதைக்குக் கருவாக்கினார். எண்ணெய் வேண்டும் என்று வணிகர் கேட்டார். தலையில் தேய்க்கும் எண்ணெயைக் கடலில் ஊற்ற ஒரு விஞ்ஞானிக்குத்தான் தோன்றும்.

அந்த எண்ணெயை நீக்கிவிட்டால் அங்கே கதையே இல்லை. நிபந்தனைக்காகக் கதையில் எண்ணெய் செருகப்படவில்லை, நிபந்தனையே கதையாகிவிட்டது. பிற்காலத்தில் இக்கதையைத் திருத்தி, 'தப்பியோடிய புயல்' என்று பொருள்படும் புதிய பெயரிட்டு, 1921-இல் வெளியான தம் 'அவ்யக்த' என்னும் கட்டுரை நூலில் ஜகதீசர் சேர்த்துக்கொண்டார். வங்கமொழியில் விஞ்ஞானக் கதைகளுக்கு முன்னோடியாக இன்றளவும் பேசப்படும் கதைகளுள் இதுவும் ஒன்று.

ராதாமணி தேவி யார்?

அப்போட்டியின் தொடக்க ஆண்டுகளில் பரிசு பெற்றவர்களுள் ஸ்ரீமதி ராதாமணி தேவி என்றொரு பெயர் காணப்படுகிறது. அப்படி ஒரு பெண்மணி இல்லை. அந்தப் பெயருக்குள் ஒளிந்திருந்தவர் பிரபாத குமார் முகோபாத்யாயர். 1873-இல் பிறந்த இவர், ரயில்வேப் பெரும் பட்டறை அமைந்த ஜமால்பூரில் பள்ளிக் கல்வி பெற்றவர். பின்னர் அரசாங்க அலுவலகத்திலும் தந்தித் துறையிலும் குமாஸ்தாவாக வேலை பார்த்தார். பிறகு லண்டன் சென்று பாரிஸ்டர் ஆனார். வங்கச் சிறுகதை உலகில் தாகூருக்கு அடுத்து வைத்து எண்ணப்படும் சிலருள் இவரும் ஒருவர். அத்தகையவரும் குமாஸ்தாவாக இருந்த நாளில் ஒரு பெண்ணின் பெயரைப் போர்த்திக்கொண்டுதான் போட்டிக்கு வந்தார்.

மெய்யாகவே பெண்மணிகளும் இப்போட்டியில் கலந்துகொண்டனர் என்பதை நம் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். மான்குமாரி பாசு என்பவர் 1863-இல் பிறந்தவர். பெருங்கவிஞர் மைக்கேல் மதுசூதன தத்தரின் குடும்ப உறவினர். இளம் வயதிலேயே கணவரை இழந்தார். ஒரு கைம்பெண் வீட்டின் உள்ளறையை விட்டு வெளியே வருவதே அரிதாயிருந்த காலம் அது. அந்த உள்ளறையிலிருந்து தம் பெயரிலேயே கதை எழுதி அவர் குந்தலீன் பரிசு பெற்றார். கற்ற ஆடவர் பெண்பெயரில் மறைந்த இடத்தில், ஒரு பெண் தன் பெயரை மறைக்காமல் நின்றார் என்பது எண்ணி எண்ணி மகிழத்தக்கது.

கோயிலும் ரங்கூன் கப்பலும்

இனி, இவ்வரலாற்றில் என் நெஞ்சைத் தொட்ட பகுதிக்கு வருகிறேன். 'தேவதாஸ்' என்ற பெயரை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை. 1953-இல் அது தமிழிலும் திரைப்படமாக வந்து நம் பாட்டன் பாட்டியரைக் கண்ணீர் விட வைத்தது. அந்நாவலை எழுதிய சரத் சந்திர சட்டோபாத்யாயர் 1876-இல் ஹூக்ளி மாவட்டத்துத் தேவானந்தபூரில் பிறந்தவர். தந்தையார் கதைகளைத் தொடங்கி முடிக்காமல் விட்டுவிடும் இயல்பினர். வீட்டில் எப்போதும் வறுமை. பாகல்பூரில் தாய்மாமன் வீட்டில் வளர்ந்த சரத், 1894-இல் என்ட்ரன்ஸ் தேர்வில் தேறினார். அது நம் மெட்ரிகுலேஷனுக்கு நிகரானது. கல்லூரியில் சேர்ந்தும், தேர்வுக் கட்டணம் செலுத்த வழியில்லாமல் எப்.ஏ. தேர்வை எழுத இயலாது போயிற்று. அதோடு படிப்பு முடிந்தது.

பிழைப்புத் தேடிக் கல்கத்தா வந்தார். உறவினரான வழக்கறிஞர் ஒருவரிடம் வழக்குக் கட்டுக்களை மொழிபெயர்க்கும் வேலையில் சிறிது காலம் இருந்தார். அது பிடிக்காமல் 1903-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரங்கூனுக்குக் கப்பலேறினார். அந்தக் காலத்தில்தான் 'மந்திர்', அதாவது கோயில், என்ற கதையைக் குந்தலீன் போட்டிக்கு எழுதினார். ஆனால் தம் பெயரை அதில் எழுதவில்லை. தமக்கு மாமன் முறையான சுரேந்திரநாத கங்கோபாத்யாயரின் பெயரில் கதை போயிற்று, பரிசும் பெற்றது. அச்சில் வந்த சரத் சந்திரரின் முதற்கதை அதுவே. அதன்மேல் அவர் பெயர் இல்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அபர்ணா என்ற ஜமீன்தார் மகளுக்குக் குடும்பக் கோயிலே உலகம். கல்லிலுள்ள தெய்வத்துக்கு அள்ளி அள்ளிக் கொடுத்த அன்பில் ஒரு துளியையும் கணவனுக்குக் கொடுக்க அவளால் முடியவில்லை. கணவன் இறக்கிறான். தந்தையின் ஊருக்குத் திரும்பிக் கோயில் பணியிலேயே மூழ்குகிறாள். கோயிலில் பூஜை செய்ய வந்த ஏழை இளைஞன் ஒருவன், தன் உள்ளத்தை வாயால் சொல்லத் தெரியாமல், மணநீர்ப் புட்டிகளை வாங்கி வந்து அவள் முன் வைக்கிறான். அவள் சினந்து தள்ளிவிடுகிறாள். அவனும் மடிகிறான். பிறகுதான் அவளுக்கு விளங்குகிறது. தள்ளிய பொருளை எடுத்துத் தெய்வத்தின் அடியில் வைத்து அழுகிறாள்.

வணிகர் கேட்டது என்ன? விற்பனைக்குரிய வாசனைப் புட்டி. சரத் சந்திரர் கையில் அது, ஏற்றுக்கொள்ளப்படாத அன்பாக மாறிற்று. விளம்பரத்துக்காக எழுதப்பட்ட கதையில், அந்தப் பொருளை ஒருத்தி வேண்டாமென்று எறிகிறாள்! அதற்குப் பரிசும் கொடுத்த எச். போஸ் அவர்களின் பெருந்தன்மையை என்னென்பது!

ரங்கூனில் சரத் சந்திரர் என்ன வேலை பார்த்தார் என்பதை அறிந்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். பர்மா ரயில்வேயின் தணிக்கை அலுவலகத்தில் தற்காலிகக் குமாஸ்தா! பின்னர்ப் பொதுப்பணிக் கணக்கு அலுவலகத்துக்கு மாறி, 1916 வரை அங்கே கணக்கு எழுதினார். 1907-இல் அவருடைய 'படதீதி' என்னும் கதை 'பாரதி' இதழில் ஆசிரியர் பெயரின்றி வெளிவரத் தொடங்கியபோது, இது தாகூர் எழுதியதாகத்தான் இருக்க வேண்டும் என்று வாசகர் பலர் எண்ணினர். எழுதியவரோ கடலுக்கு அப்பால் பேரேட்டில் தொகை கூட்டிக்கொண்டிருந்தார்.

நிபந்தனை செய்யும் உதவி

இவ்வரலாற்றிலிருந்து நான் உணர்ந்தவற்றைக் கூறி முடிக்கிறேன். முதலாவது, பெரியவருடைய கேள்விக்கு விடை. ஒரே எண்ணெய், ஒரே மணநீர். விஞ்ஞானிக்கு அது கடலை அடக்கும் மருந்தாயிற்று. வறுமையில் வாடிய இளைஞருக்கு அது நிறைவேறாத அன்பாயிற்று. ஆகவே பொருளைக் கொடுப்பவர் கதையைக் கொடுத்துவிடுவதில்லை. அவர் கொடுப்பது ஒரு கொழுகொம்பு. படரும் கொடி எழுதுபவருடையது. அப்போட்டியில் வந்த கதைகள் யாவும் சிறந்தவை என்று நான் சொல்ல வரவில்லை. எண்ணெயை வலிந்து செருகிய கதைகளும் இருந்திருக்கவே செய்யும். ஆயினும் அக்கதைகளிலிருந்து நூறு கதைகளைத் தெரிந்தெடுத்துப் பிற்காலத்தவர் நூலாக்கியிருக்கிறார்கள். எண்ணெய்க் கம்பெனி மறைந்த பின்னும் கதைகள் நிற்கின்றன.

இரண்டாவது, நிபந்தனை என்பது எழுதத் தயங்குபவனுக்குக் கிடைக்கும் துணை. "எனக்கு எழுத ஆசை" என்று நாலுபேர் முன்னிலையில் சொல்ல ஒரு குமாஸ்தாவுக்கு வாய் வராது. "போட்டியில் பெட்டியைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள், அதனால் எழுதினேன்" என்று சொல்ல வாய் வரும். உள்ளத்தில் உள்ளதை வெளியிட வெட்கப்படுபவனுக்கு, இந்தச் சாக்கு பெரிய உதவி. ஜகதீசர், பிரபாத குமார், சரத் சந்திரர் ஆகிய மூவரும் பெயரை மறைத்துக்கொண்டதற்கு ஒவ்வொருவர்க்கும் ஒரு காரணம் இருந்திருக்கும். என் அனுபவத்தைக் கொண்டு நோக்கினால், கூச்சத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்றே தோன்றுகிறது.

என் அனுபவம் என்றேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேலையில் சேர்ந்த புதிதில், தமிழ்ப் பத்திரிகை ஒன்று சிறுகதைப் போட்டி அறிவித்திருந்தது. கதையில் ஒரு கிணறு வரவேண்டும் என்பது நிபந்தனை. எங்கள் ஊர்க் கிணற்றையும், அதில் விடியற்காலையில் நீர் இறைத்த என் அன்னையையும் வைத்து, பத்து இரவுகள் விழித்து ஒரு கதை எழுதினேன். உறையில் இட்டு முகவரியும் எழுதினேன். அனுப்புநர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது. பத்தாவது படித்த குமாஸ்தா கதை எழுதுகிறானாம் என்று அலுவலகத்தில் நகைப்பார்களே என்ற எண்ணம். நாளை அனுப்பலாம், நாளை அனுப்பலாம் என்றே இறுதி நாள் கடந்தது. உறை டிரங்குப் பெட்டியின் அடிக்குப் போயிற்று. அக்கதையைப் படித்துக் காட்டச் சொல்லி ஊரிலிருந்து அன்னை இரண்டு முறை கடிதத்தில் கேட்டிருந்தார்கள். அடுத்த விடுமுறையில் வந்து படிக்கிறேன் என்று எழுதினேன். அந்த விடுமுறைக்குள் அவர்கள் காலமாகிவிட்டார்கள்.

சென்ற மழைக்காலத்தில் பெட்டியை வெயிலில் வைக்க எடுத்தபோது, என் மகள் அவ்வுறையைக் கண்டாள். அவளுக்கு வயது 14. வீட்டில் தமிழ் நன்றாகப் பேசுவாள். பள்ளியில் தமிழ் இல்லாததால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். "அப்பா, இது உங்கள் கையெழுத்து அல்லவா? என்ன எழுதியிருக்கிறீர்கள்?" என்றாள். படித்துச் சொல்ல எனக்கு நா எழவில்லை. "நீயே படித்துப் பார், அம்மா" என்றேன். எழுத்தெழுத்தாகக் கூட்டி, நாளொன்றுக்கு ஒரு பக்கமாக, 11 மாலைகளில் படித்து முடித்தாள். நடுநடுவே, "தாம்புக் கயிறு என்றால் என்ன அப்பா? ராட்டினம் என்றால் திருவிழாவில் சுற்றுவதுதானே, அது ஏன் கிணற்றில் இருக்கிறது?" என்று கேட்பாள். குழாய்த் தண்ணீரில் வளர்ந்த குழந்தைக்கு அச்சொற்களை நான் சொல்லித் தந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கடைசிப் பக்கத்தை முடித்த அன்று, "பாட்டி இதைப் படித்தார்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் வேறொன்றும் கேட்கவில்லை.

நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தமிழில் எழுத வரும் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டாரே, அதற்கு என்னிடம் உள்ள விடை இதுதான். இன்று எழுத வராமல் இருக்கலாம். ஆனால் தன் தந்தை, தாய் எழுதிய ஒன்று வீட்டில் இருந்தால், அதைப் படிப்பதற்காகவாவது குழந்தை எழுத்துக் கூட்டும். பிள்ளைகள் தமிழ் படிக்கவில்லை என்று குறைகூறும் நாம், அவர்கள் படிப்பதற்கென்று என்ன எழுதி வைத்திருக்கிறோம்?

ஆதலால் செயற்குழுவுக்கு இரண்டு வேண்டுகோள் விடுக்கிறேன். ஒன்று, கதைத் தாளில் எண் மட்டும் இருக்கட்டும்; பெயர் தனி உறையில் இருக்கட்டும். நடுவர்கள் பெயர் அறியாமல் தேர்ந்தெடுப்பதே முறை. ஆனால் விழா மேடையில், பரிசு பெற்றவை மட்டுமன்றி, வந்த கதைகள் அனைத்துக்கும் உரிய உறைகளைத் திறந்து பெயர்களைப் படிக்க வேண்டும். மற்றொன்று, எழுதத் தெரியாத சிறுவர்கள் சொல்லச் சொல்லப் பெற்றோர் எழுதிக் கொடுக்க இடமளிக்க வேண்டும். சொன்னவர், எழுதியவர் இருவர் பெயரும் இடம்பெறலாம்.

காலனிக் குடும்பத்தார் யாவரையும் கேட்டுக்கொள்கிறேன். ரயில் நிலையத்தில் யாரோ விட்டுச் சென்ற பெட்டியைப் பற்றி எழுதுங்கள். ஊரை விட்டு இங்கே வந்த ஒவ்வொருவரும் ஏதோ ஒரு நிலையத்தில் ஏதோ ஒரு பெட்டியை விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறோம். எழுதியதை உரிய நாளுக்குள் அனுப்புங்கள். தனி உறையில் உங்கள் சொந்தப் பெயரையே எழுதுங்கள். என் வீட்டிலிருந்து இரண்டு உறைகள் வரும். ஒன்றில் என் பெயரும், மற்றொன்றில் என் மகளின் பெயரும் இருக்கும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!